நாளுக்கு 14,000 விற்பனை, ஆனா திங்கட்கிழமை சரக்குக்குக் காசில்லை: மளிகைக் கடைக் கணக்கு

கேள்வி: கல்லாக்காரி

திண்டுக்கல் பக்கம், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி 250 சதுர அடி மளிகைக் கடை. நானும் வீட்டுக்காரரும் பார்க்கிறோம், உதவிக்கு ஒரு பையன். கணக்கை அப்படியே போடுகிறேன், ஓட்டை எங்கே என்று சொல்லுங்கள்.

விற்பனை சராசரி நாளுக்கு 14,000, மாதம் 4 லட்சத்தை ஒட்டி வரும். பாதிக்கு மேல் யூபிஐ.
வாடகை 8,000. கரண்ட் 2,800 (ஒரு ஃப்ரிட்ஜ், ஒரு ஃப்ரீசர்). பையன் சம்பளம் 10,000. லோடு ஆட்டோ, ஏத்துக்கூலி 3,500. கவர், பேப்பர், சில்லறைச் செலவு 2,000.
வீட்டுக்குக் கல்லாவிலிருந்து மாதம் சுமார் 21,000 எடுக்கிறோம். அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் கடையிலிருந்தேதான், அதுக்குக் கணக்கு இல்லை. கூட்டிப்பார்த்தால் 6,000 வரும்.
மொத்தக் கடைக்கு நாங்கள் தர வேண்டியது 65,000. கடன் நோட்டில் எங்களுக்கு வர வேண்டியது 85,000.
தண்டல் 20,000. கையில் வந்தது 17,000, தினம் 200 வீதம் 100 நாள். 40 நாள் கட்டியாச்சு.
கடையில் இருக்கும் சரக்கு கண் மதிப்புக்கு 3 லட்சம்.

கல்லா என்றைக்கும் காலியாக இருந்ததில்லை. ஆனால் திங்கட்கிழமை மார்க்கெட்டுக்கு மொத்தமாக எடுத்து வைக்க முடியவில்லை. ஜூனில் பள்ளிக்கூடத்துக்கு 38,000 கட்டணும். இன்னொன்று, க்யூஆர் பணம் முழுக்க வீட்டுக்காரரின் சேமிப்புக் கணக்குக்குத்தான் போகிறது. அதில் சிக்கல் வருமா?


பதில் 1: படிக்கல்

அக்கா, நீங்க போட்ட எண்களிலேயே விடை இருக்கு. 14,000 உங்க காசு இல்லை. அதில் 12,300 சரக்குக்காரன் காசு.

மளிகையில் எல்லாம் கலந்து 12 சதவீதம் லாபம் நிற்கும்னு வைங்க. 4 லட்சத்துக்கு 48,000. கடைச் செலவு நீங்க சொன்னதைக் கூட்டினா 26,300. மிச்சம் 21,700, உங்க குடும்பத்தோட சம்பாத்தியம் இவ்வளவுதான். ஆனா ரொக்கம் 21,000, சாமான் 6,000, ஆக 27,000 எடுக்கறீங்க. மாதம் 5,300 துண்டு. 12 மாதத்துக்கு 63,600. மொத்தக் கடை பாக்கி எவ்வளவுன்னு எழுதியிருக்கீங்க? 65,000. காசு எங்கேயும் காணாமப் போகலை, அந்தப் பாக்கிதான் அது.

இதுக்கு மேல தண்டல் மாதம் 6,000. ரெண்டும் சேர்ந்து 11,300, அதாவது வாரத்துக்கு 2,600 ரூபாய் சரக்குக் காசிலிருந்து நழுவுது. திங்கட்கிழமை இடிக்கறது அதான்.

செய்ய வேண்டியது: தினமும் கடை சாத்தும்போது விற்பனையை மூணாப் பிரிங்க. 14,000 விற்ற நாளில் சரக்குக்கு 12,300, கடைச் செலவுக்கு 900, வீட்டுக்கு 750. மிச்சம் ஐம்பது சில்லறையில் போயிடும். விற்பனை குறைஞ்ச நாளில் சரக்குப் பங்கு 88 சதவீதம் மாறக்கூடாது, செலவுப் பங்கு 900 மாறக்கூடாது, வீட்டுப் பங்குதான் குறையணும். நிறைய பேர் இதைத் தலைகீழாச் செய்வாங்க: வீட்டுக்கு முதலில், சரக்குக்கு மிச்சம்.

வீட்டுக்கு எடுக்கறதைச் சம்பளமா மாத்துங்க. வாரம் ஒரே நாளில், ஞாயிறு ராத்திரின்னு வைங்க, 4,500. வருஷத்துக்கு 52 வாரம், 2,34,000. சம்பாத்தியம் 2,60,400. மிச்சம் 26,400 பள்ளிக்கூடத்துக்கு ஒதுங்கும். 38,000-க்கு அது பத்தாது, ஆனா ஜூனில் திரும்பத் தண்டலுக்குப் போற அளவு மூணில் ஒரு பங்குக்கும் கீழே குறையும். கடையிலிருந்து எடுக்கற சாமானும் இந்த 4,500-க்குள்ளதான். கஷ்டம்தான், தெரியும்.

ராத்திரி கல்லா எண்ணறதுக்கு ஒரு முறை இருக்கு. காலையில் 1,500 ரூபாய் சில்லறையோட திறங்க (பத்து, இருபது, ஐம்பது, கொஞ்சம் நாணயம்). நாள் முழுக்க கல்லாவிலிருந்து வெளியே போன ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரு துண்டுச்சீட்டு கல்லாவுக்குள்ளேயே போடுங்க: பால்காரர், ஆட்டோ, டீ, எதுவானாலும். சாத்தும்போது:

கல்லாவில் இருக்கும் ரொக்கம் + துண்டுச்சீட்டு மொத்தம் − காலை 1,500 − இன்னிக்கு வசூலான பழைய கடன் ரொக்கம் = இன்றைய ரொக்க விற்பனை.

அதோட யூபிஐ மொத்தத்தையும் நோட்டில் எழுதின கடனையும் சேர்த்தா முழு விற்பனை. பழைய பாக்கியை யூபிஐயில் போட்டவங்க தொகையையும் கழிக்கணும், இல்லைன்னா ஒரே விற்பனை ரெண்டு தடவை ஏறும். இந்த ஒரு தப்பு நிறைய கடையில் நடக்குது, அதனாலதான் "விற்பனை நல்லா இருக்கு, காசுதான் இல்லை"ன்னு தோணும்.

வாடிக்கையாளர் காட்டற போன் திரையை நம்பாதீங்க. பணம் வந்த மாதிரியே படம் காட்டற போலி ஆப் இருக்கு. ஸ்பீக்கர் சொன்னாத்தான் பணம். கூட்டத்தில் ஸ்பீக்கர் சார்ஜ் இல்லாம கிடக்கும், அதைப் பையன் பொறுப்பில் விடுங்க.


பதில் 2: ரொக்கம்மட்டும்

85,000 கடன் நோட்டில் தூங்குது, அதுக்குப் பக்கத்திலேயே தண்டலுக்கு வட்டி கட்டறீங்க. இன்னிக்கே பலகை மாட்டுங்க: கடன் கிடையாது. ஒரு மாசம் விற்பனை குறையும், அப்புறம் சரியாகிடும்.


பதில் 3: சாக்குக்கட்டு

மேலே சொன்னவர் பேக்கரியோ ஃபேன்ஸி ஸ்டோரோ நினைத்துச் சொல்கிறார் போல. தெருவுக்குள் இருக்கும் மளிகைக் கடையில் கடனை அடியோடு நிறுத்தினால் நோட்டில் இருக்கும் 85,000-ல் பாதி திரும்பாது. பாக்கி வைத்திருப்பவர் அடுத்த தெருக் கடைக்குப் போய்விடுவார், உங்கள் கடை வழியே நடப்பதையும் நிறுத்திவிடுவார். சூப்பர் மார்க்கெட் தராத ஒன்றை நீங்கள் தருகிறீர்கள் என்றால் அது இந்த நோட்டுதான். நிறுத்த வேண்டாம், கரை கட்டுங்கள்.

நோட்டை முதலில் மூன்றாகப் பிரியுங்கள். 30 நாளுக்குள் இருப்பது ஓடும் கணக்கு, தொட வேண்டாம். 30 முதல் 90 நாள் வரை இருப்பவர்களுக்குப் புதுக் கடன் நிறுத்தம், ரொக்கத்துக்குச் சாமான் உண்டு. 90 நாள் தாண்டியதைத் தனிப் பக்கத்தில் எழுதி, "பழசை வாரம் 200 கொடுங்க, புதுசு ரொக்கம்" என்று பேசுங்கள். பழசும் புதுசும் ஒரே பக்கத்தில் இருந்தால் 500 கொடுத்துவிட்டு 700-க்கு வாங்கிப் போவார்கள், பாக்கி வளர்ந்துகொண்டே இருக்கும், கொடுத்தவருக்கோ கொடுத்துக்கொண்டே இருக்கிற மாதிரி இருக்கும். வீட்டுக்கு 2,000 என்று உச்சவரம்பு வையுங்கள். மாதச் சம்பளக்காரருக்கு 5-ம் தேதி, வாரக் கூலிக்காரருக்குச் சனிக்கிழமை என்று கெடுவும் பக்கத்தின் தலையிலேயே இருக்கட்டும்.

ஒவ்வொரு மாதமும் மொத்தப் பாக்கிக்குக் கீழே அவரிடம் ஒரு கையெழுத்து வாங்கிவிடுங்கள். விற்ற சரக்குக்கான பணத்தைச் சட்டப்படி கேட்கும் கெடு 3 வருடம். கெடு முடிவதற்குள் பாக்கியை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் அந்தத் தேதியிலிருந்து புதிதாக 3 வருடம். நீதிமன்றத்துக்கு யாரும் போகப்போவதில்லை, ஆனால் கையெழுத்துப் போட்டவர் "நான் இவ்வளவு வாங்கலையே" என்று சொல்ல மாட்டார்.

தண்டலுக்கு வருவோம். 17,000 வாங்கி 200 வீதம் 100 நாள் கட்டினால் 15 சதவீத வட்டி என்று நினைக்கிறோம். முதல் நாளிலிருந்தே அசல் திரும்பிப் போவதால் உண்மையில் நாளுக்கு 0.33 சதவீதம், வருடத்துக்கு 120 சதவீதம். 2003-ம் வருடத்துக் கந்துவட்டித் தடைச் சட்டத்தில் தண்டல் என்ற பெயரே இருக்கிறது. அதே 17,000-ஐ வருடம் 10 சதவீதத்தில் நகைக்கடனாக எடுத்து 100 நாளில் மொத்தமாகத் திருப்பினால்கூட வட்டி 470 ரூபாய்தான், மதிப்பீட்டுக் கட்டணம் தனி. தண்டலில் அதுவே 3,000.

ஆனால் ஒன்று, இப்போது நகையை வைத்து அந்தத் தண்டலை அடைக்காதீர்கள். வட்டியை முதலிலேயே பிடித்துவிட்டார்கள். மீதி 60 நாள், 12,000. இன்றைக்கு அடைத்தாலும் பெரும்பாலும் அதே 12,000-தான் கேட்பார்கள், தள்ளுபடி தந்தால் மட்டும் யோசியுங்கள். தினம் 200 கட்டி முடித்துவிடுங்கள். ஆபத்து இனிமேல்தான் வரும். "பாதி கட்டிட்டீங்க, புதுசா எழுதிக்கலாமா?" என்று கேட்பார்கள். புது 20,000-ல் பழைய பாக்கி 12,000, வட்டி 3,000 பிடித்துக்கொண்டு கையில் 5,000 தருவார்கள். 5,000 ரூபாய்க்காக உங்கள் கடன் 8,000 ஏறியிருக்கும். மீதி அறுபது நாளைக் கட்டி, அதோடு நிறுத்துங்கள். அறுபத்தோராவது நாளும் 200-ஐ எடுத்து வையுங்கள், இந்தத் தடவை மொத்தக் கடைக்கு. மாதம் 6,000, பதினோரு மாதத்தில் 65,000 தீரும்.

இனி லாப சதவீதம். படிக்கல் 12 என்று வைத்தது ஊகம். உங்கள் கடையில் எவ்வளவு என்று அளந்து பாருங்கள். மாதக் கடைசி ஞாயிறு மத்தியானம் சாத்திவிட்டு, அலமாரி அலமாரியாக வாங்கின விலையில் சரக்கை எழுதுங்கள். அடுத்த மாதம் அதே நாளில் மறுபடி. முதல் சரக்கு + இடையில் வாங்கியது − கடைசிச் சரக்கு = விற்றுப்போனதன் அடக்கம். விற்பனையிலிருந்து அதைக் கழித்தால் நிஜ லாபம். 12 என்று நினைத்த இடத்தில் 10 வந்தால் எங்கோ கசிகிறது.

கசியும் இடம் பெரும்பாலும் தராசு. 50 கிலோ சீனி மூட்டை பிரித்தால் அரைக்கிலோ பாக்கெட் 100 வர வேண்டும். எண்ணிப் பாருங்கள். 98 வந்தால் 2 சதவீதம் போயிற்று, சீனியில் இருக்கும் லாபமே 4-ஐத் தாண்டாது. கை தாராளம், மூட்டை ஓட்டை, சாக்கோடு சேர்த்து எடை போட்டு வாங்கியது, இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். எண்ணெயில் இன்னொரு வலை: 15 லிட்டர் டின்னும் 15 கிலோ டின்னும் ஒன்றல்ல. 15 லிட்டர் எண்ணெயின் எடை 13.6 கிலோ சொச்சம்தான். ஏஜென்ட் விலை குறைவு என்று சொல்லும்போது டின்னைத் திருப்பி எந்த அளவு என்று படியுங்கள்.

சராசரியை 12-லிருந்து 13.5-க்கு ஏற்றினால் மாதம் 6,000 கூடுகிறது, உங்கள் துண்டு அதிலேயே விழுந்துவிடும். விலையை ஏற்ற வேண்டாம். கண்ணுக்கு எதிரே பிஸ்கட்டும் சோப்பும் வைப்பதற்குப் பதில் முறுக்கு, கடலைமிட்டாய், உதிரி மசாலா, ஊதுபத்தி, சூடம் என்று 20 சதவீதம் நிற்கும் சாமானை வையுங்கள். சோப்பு கேட்டு வருகிறவர் எங்கே இருந்தாலும் கேட்டு வாங்குவார். கடலைமிட்டாய் கண்ணில் பட்டால்தான் விற்கும்.

3 லட்சம் சரக்கு உங்கள் விற்பனைக்கு 25 நாள் இருப்பு. 20 நாளுக்கு இறக்கலாம், ஆனால் அரிசி, பருப்பு, எண்ணெயில் கை வைக்காதீர்கள். ஒரு நாள் துவரம்பருப்பு இல்லை என்றால் அந்த வீட்டின் முழுப் பட்டியலும் வேறு கடைக்குப் போகும். லைன் வண்டிக்காரர் "12 எடுத்தா 1 ஃப்ரீ" என்று இறக்கிய ஷாம்பு, ஃபேஸ்வாஷ், நூடுல்ஸ், அங்கேதான் காசு முடங்கிக் கிடக்கும். மூன்று மாதத்தில் 6 விற்கும் பொருளை 12 வாங்கினால், அந்த ஒரு ஃப்ரீ காலாவதி அலமாரிக்குத்தான் போகும்.


பதில் 4: நடப்புக்கணக்கு

எல்லாரும் விட்ட ஒன்று. மாதம் 4 லட்சம் என்றால் வருடம் 48 லட்சம். தமிழ்நாட்டில் சரக்கு மட்டும் விற்பவர்களுக்கு ஜிஎஸ்டி பதிவு வரம்பு 40 லட்சம். "அரிசிக்கும் பாலுக்கும் வரி இல்லையே" என்பார்கள். வரியில்லாத சரக்கை மட்டுமே விற்றால் பதிவு வேண்டாம். சோப்பும் பிஸ்கட்டும் கூட விற்கிற கடையில் வரம்பைப் பார்க்க எல்லா விற்பனையும் சேரும். வரம்பைத் தாண்டிய 30 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். இதை இந்த வாரமே ஒரு ஆடிட்டரிடம் காட்டுங்கள்.

யூபிஐயை நிறுத்தித் தப்பிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 2025 ஜூலையில் கர்நாடகத்தில் வணிகவரித் துறை யூபிஐ வரவை வைத்தே சிறு கடைகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. உங்கள் கேள்விக்கு நேர் பதிலும் அதில்தான் இருக்கிறது. மச்சான் திருப்பிக் கொடுத்த கைமாத்தும், சீட்டுப் பணமும், கடை விற்பனையும் ஒரே சேமிப்புக் கணக்கில் விழுந்தால், எது விற்பனை என்று நிரூபிக்கிற வேலை உங்கள் தலையில். கடைப் பெயரில் நடப்புக் கணக்கு திறந்து க்யூஆரை அதற்கு மாற்றுங்கள். தனிநபர் கடைக்கு வங்கியில் பொதுவாக இரண்டு தொழில் ஆதாரம் கேட்பார்கள். உத்யம் (சிறுதொழில் பதிவு) சான்றும் உணவுப் பாதுகாப்புப் பதிவும் கொடுக்கலாம். உத்யம் பதிவு அரசுத் தளத்தில் இலவசம், ஆதாரும் பான் எண்ணும் போதும். 2,000 கேட்கும் இணையதளங்கள் எல்லாம் இடைத்தரகு. குறைந்தபட்ச இருப்பு வங்கிக்கு வங்கி மாறும், கேட்டுவிட்டுத் திறங்கள்.

ஜிஎஸ்டியில் இரண்டு வழி. காம்போசிஷன்: வரியுள்ள சரக்கு விற்பனையில் 1 சதவீதம் உங்கள் கையிலிருந்து. வாடிக்கையாளரிடம் வரி என்று தனியாக வாங்கக் கூடாது, வாங்கின சரக்கின் வரியைக் கழிக்கவும் முடியாது. காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 18-ம் தேதிக்குள் கட்டினால் ஆயிற்று, வருடத்துக்கு ஒரு ரிட்டர்ன். கடையில் காம்போசிஷன் வணிகர் என்று பலகை வைக்க வேண்டும். ரெகுலர்: வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்து மீதியைக் கட்டுவது.

சிறு கடைக்குக் காம்போசிஷன்தான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் காலம் போய்விட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் குளியல் சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலைக்கு வைக்கிற எண்ணெய், பிஸ்கட் எல்லாம் 5 சதவீதத்துக்கு வந்துவிட்டன. 90-க்கு வாங்கி 100-க்கு விற்கும் பொருளில், ரெகுலரில் உங்கள் பங்கு வரி 48 காசு, காம்போசிஷனில் 1 ரூபாய். அதே பொருளுக்கு வரி 18 சதவீதம் என்றால் ரெகுலரில் 1.53, அங்கே காம்போசிஷன்தான் லாபம். எது அதிகம் விற்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ரெகுலரில் பில்லும் கணக்கும் சுத்தமாக இருக்க வேண்டும், ஆடிட்டர் கட்டணமும் கூடும். அந்தச் செலவையும் சேர்த்தே பாருங்கள்.

வருமான வரிக்குப் பயப்பட வேண்டாம். உத்தேச லாப முறையில் டிஜிட்டல் விற்பனைக்கு 6 சதவீதம், ரொக்க விற்பனைக்கு 8 சதவீதம் லாபம் என்று காட்டலாம். 60 சதவீதம் யூபிஐ என்று வைத்தால் 3,26,400 வரும். புதிய முறையில் 4 லட்சம் வரை வரியே இல்லை. வரி இல்லை என்று ரிட்டர்ன் போடாமல் விடாதீர்கள். முத்ரா என்ற அரசின் சிறுதொழில் கடனோ வேறு கடனோ கேட்டுப் போகும்போது ரிட்டர்னும் நடப்புக் கணக்கு ஸ்டேட்மென்ட்டும்தான் பேசும். முத்ராவில் 50,000 வரை சிசு, 5 லட்சம் வரை கிசோர், பிணை கேட்கக் கூடாது.


மறுகேள்வி: கல்லாக்காரி

எல்லாருக்கும் நன்றி. நேற்று சீனி மூட்டை பிரித்தோம், 97 பாக்கெட். இரண்டு கேள்வி. வீட்டுக்கு எடுக்கும் சாமானை எம்ஆர்பியில் எழுதணுமா, வாங்கின விலையிலா? காலை 5.30-க்குப் பால் இறங்கும், ராத்திரி 10-க்குச் சாத்துகிறோம். இந்தக் கணக்கெல்லாம் எப்போது எழுதுவது?


பதில் 5: படிக்கல்

வாங்கின விலையில் எழுதுங்க. எம்ஆர்பியில் எழுதினா நீங்களே உங்களுக்கு வித்து லாபம் பார்த்த மாதிரி ஆகும், விற்பனை பொய்யா ஏறும், சரக்கு எண்ணும்போது சதவீதமும் தப்பா வரும். கல்லா பக்கத்தில் ஒரு சின்ன டைரி, அதில் நீங்க எடுத்தாலும் அவர் எடுத்தாலும் பையன் எழுதட்டும். பிள்ளைங்க எடுக்கற சாக்லேட்டும்தான். ரெகுலர் ஜிஎஸ்டிக்குப் போனா, வீட்டுக்கு எடுத்ததுக்குக் கழிச்ச வரியைத் திருப்பணும், அப்பவும் இந்த டைரிதான் கை கொடுக்கும்.

நேரம்: ராத்திரி பத்து மணிக்கு எழுதறது ஒருநாளும் நடக்காது. மத்தியானம் 2 முதல் 4 வரை தெருவில் ஆளே இருக்க மாட்டாங்க, ஷட்டரைப் பாதி இறக்கிடுங்க. அந்த ரெண்டு மணி நேரத்தில் ஒருத்தர் தூங்கணும், ஒருத்தர் நேத்துக் கணக்கை எழுதணும், 15 நிமிஷம் போதும். நாள் மாத்தி நாள் மாத்துங்க. கல்லாவை மட்டும் ராத்திரி எண்ணி, தாளில் தொகையை எழுதி, ரப்பர் பேண்டு போட்டு உள்ளே வெச்சிடுங்க. ஞாயிறு சாயங்காலம் சாத்துங்க, வாரத்திலேயே அன்னிக்குத்தான் கூட்டம்னா செவ்வாய் சாயங்காலம். அரை நாள் சாத்தினா 5,000 விற்பனை போகும்னு தோணும், லாபத்தில் அது 600. அதிலும் பாதி வாடிக்கை அடுத்த நாள் வந்து வாங்கிடுவாங்க.

ரெண்டு பேரும் வங்கியில் ஜீவன் ஜோதி, சுரக்ஷான்னு ரெண்டு அரசுக் காப்பீடும் போட்டிருக்கீங்களான்னு பாருங்க. ஆளுக்கு 436, 20, வருஷத்துக்கு. முதலாவது எந்த மரணத்துக்கும் 2 லட்சம், ரெண்டாவது விபத்துக்கு 2 லட்சம். மே மாதக் கடைசியில் கணக்கில் காசு இல்லைன்னா பிடிக்காம விட்டுடும், காப்பீடு போயிடும். தராசு முத்திரை, உணவுப் பாதுகாப்பு, தொழில் உரிமம் இதுக்கெல்லாம் தேதி எழுதி கல்லாவுக்கு மேல ஒட்டிடுங்க, மாதம் 400 ஒதுக்கினா நெருக்கடி வராது.

97 பாக்கெட்னா, அடுத்த மூட்டையை வாங்கும்போது கடையிலேயே எடை போட்டு வாங்குங்க. 50.0 காட்டினா தப்பு உங்க பக்கம். பாக்கெட் கட்டறப்போ காலி கவரை வெச்சு எடையைச் சுழியம் ஆக்குங்க, அரைக்கிலோ 500-ல் நிக்கட்டும், 510-ல் விடாதீங்க.